கார் ஸ்ப்ரே முதல் வேஸ்ட் ஆயில் வரை: வாசகர் கேள்வி பதில்

கார் கதவுக் கீலுக்கு அடிக்க ஒரு லூப்ரிகன்ட் ஸ்ப்ரே வாங்கினேன். டப்பாவின் பின்பக்கம் 'பெட்ரோலியம் பேஸ் ஆயில்' என்று போட்டிருக்கிறது. பெட்ரோல் கலந்ததா? இதனால் புற்றுநோய் வரும் என்று நண்பர் சொல்கிறார். வீட்டில் வைத்திருக்கலாமா?
வாசகர், கோயம்புத்தூர்

பெட்ரோல் இல்லை, அந்தக் கவலை வேண்டாம். கச்சா எண்ணெயைக் காய்ச்சும்போது கேஸ், பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று லேசானவை எல்லாம் முதலில் பிரிந்து போய்விடும். அடியில் தங்கும் கனமான பகுதியை வெற்றிடத்தில் மறுபடி காய்ச்சி, மெழுகையும் வேண்டாத மற்றவற்றையும் நீக்கினால் கிடைப்பதுதான் பேஸ் ஆயில். நம் சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையிலேயே இதைத் தயாரிக்கிறார்கள். நீங்கள் காரில் ஊற்றும் இன்ஜின் ஆயிலிலும் முக்கால் பங்குக்கு மேல் இதுதான், மீதிதான் அடிடிவ் எனப்படும் சேர்க்கைப் பொருள்கள்.

எல்லா பேஸ் ஆயிலும் ஒரே தரம் இல்லை. அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட் இதை ஐந்து குரூப்பாகப் பிரித்திருக்கிறது. குரூப் 1 பழைய முறையில் சுத்தம் செய்தது, கந்தகம் 0.03 சதவீதத்துக்கு மேல் இருக்கலாம். குரூப் 2, 3 இரண்டும் ஹைட்ரஜன் செலுத்திச் சுத்தம் செய்தவை, தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். குரூப் 4 என்பது ஆலையில் செயற்கையாக உருவாக்கும் பிஏஓ (பாலி ஆல்ஃபா ஓலிஃபின்) எண்ணெய், இவற்றில் சேராத மற்றதெல்லாம் குரூப் 5. இன்னும் நன்றாகச் சுத்தம் செய்து மருந்துத் தரத்துக்குக் கொண்டுபோனால் அதன் பெயர் லிக்விட் பாரஃபின். குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயிலிலும் சில மலமிளக்கி மருந்துகளிலும் இருப்பது அதுதான்.

உங்கள் நண்பர் சொல்வதைப் பொய் என்று ஒதுக்கவும் முடியாது, அதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சாலைகளில் 'மியூல்' என்ற நூற்பு இயந்திரத்தில் வேலை பார்த்தவர்களின் உடை, இடுப்புப் பகுதியில் நாள் முழுக்க மெஷின் எண்ணெயில் ஊறியபடி இருக்கும். அவர்களில் பலருக்கு விரைப்பையில் தோல் புற்றுநோய் வந்ததை 1922-இல் மான்செஸ்டர் மருத்துவர்கள் விரிவாக எழுதினார்கள். அந்தக் கால எண்ணெயில் பல கார்பன் வளையங்கள் கொண்ட அரோமாட்டிக் சேர்மங்கள் அப்படியே இருந்தன, காரணம் அவைதான். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இன்றும் இரண்டையும் பிரித்துப் பேசுகிறது. சுத்தம் செய்யாத அல்லது அரைகுறையாகச் சுத்தம் செய்த மினரல் ஆயில் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பட்டியலில் இருக்கிறது. நன்றாகச் சுத்தம் செய்தது மூன்றாம் பிரிவில், அதாவது அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது என்ற பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பாவில் இதற்கு ஐபி 346 என்று ஒரு சோதனையே உண்டு. அந்தச் சேர்மங்களைக் கரைத்துப் பிரித்துப் பார்க்கும்போது 3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் 'புற்றுநோய் உண்டாக்கும்' என்ற முத்திரையிலிருந்து அந்த எண்ணெய் தப்பும்.

ஆகவே உங்கள் டப்பாவில் பேஸ் ஆயிலைவிட அதோடு என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. ஸ்ப்ரேயாக வர வேண்டுமென்றால் எண்ணெயை இளக்க ஒரு சால்வென்ட் வேண்டும், அது மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய உறவு. வெளியே தள்ள ஒரு வாயு வேண்டும், பல டப்பாக்களில் அது எல்பிஜி, சிலவற்றில் கார்பன் டை ஆக்சைடு. தீப்பிடிப்பதும், மூடிய இடத்தில் அடித்தால் தலை சுற்றுவதும் இந்த இரண்டால்தான். வீட்டில் தாராளமாக வைக்கலாம், ஆனால் சமையலறையில் வேண்டாம், குழந்தை கைக்கு எட்டும் உயரத்திலும் வேண்டாம். நல்ல நிறுவனங்கள் ஒவ்வொரு பொருளுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் வைத்திருக்கும், எஸ்டிஎஸ் என்று கேட்டாலே போதும். அதில் இரண்டாம், மூன்றாம் பகுதிகளைப் படித்தால் நான் இங்கே சொன்னதைவிடத் தெளிவாக உங்கள் டப்பாவைப் பற்றியே தெரிந்துகொள்வீர்கள். தாளே இல்லை என்று சொல்கிற, லேபிளில் தயாரிப்பாளர் முகவரிகூட இல்லாத மலிவு டப்பாவை நான் வாங்க மாட்டேன்.

என் கணவர் மிச்சமான ஆயிலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி பைக் பக்கத்தில் வைக்கிறார். மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. சொன்னால் 'ஒரு வாய் குடித்தால் வாந்தி எடுத்துவிடும், அவ்வளவுதான்' என்கிறார்.
வாசகி, திண்டுக்கல்

இன்றைக்கே அந்தப் பாட்டிலைக் குழந்தை கைக்கு எட்டாமல் அகற்றச் சொல்லுங்கள், பதிலின் மற்றதை அப்புறம் படிக்கலாம்.

அந்த வாந்திதான் ஆபத்து. எண்ணெய் வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் உயிரை எடுக்கும். மண்ணெண்ணெய், ஸ்ப்ரேயில் உள்ள சால்வென்ட், தையல் மெஷின் எண்ணெய் போல நீர்த்தவை விழுங்கும்போதோ வாந்தியில் திரும்பி வரும்போதோ மூச்சுக்குழாயில் நழுவிப் போய் நுரையீரலில் மெல்லிய படலமாகப் பரவிவிடும். ஒரு வாய்கூட வேண்டாம், மிகக் கொஞ்சமே போதும், சில மணி நேரத்தில் நிமோனியா போல மூச்சுத் திணறல் வரும். 40 டிகிரி வெப்பத்தில் பாகுநிலை, அதாவது எண்ணெயின் கெட்டித்தன்மை, 20.5 சென்டிஸ்டோக்குக்குக் கீழே உள்ள பெட்ரோலிய எண்ணெய்களுக்கு 'விழுங்கி மூச்சுக்குழாயில் போனால் உயிருக்கு ஆபத்து' என்று லேபிளில் எச்சரிக்கை போட வேண்டும் என்பது உலக நாடுகள் ஒத்துக்கொண்ட வகைப்பாடு. கெட்டியான இன்ஜின் ஆயில் இந்த எல்லைக்கு மேலே இருக்கும், அவ்வளவு எளிதில் நழுவாது. ஆனால் பாட்டிலில் இருப்பது எது என்று குழந்தைக்கும் தெரியாது, பதறி ஓடிவரும் பாட்டிக்கும் தெரியாது.

அப்படி ஏதாவது நடந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உப்புத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, தொண்டையில் விரல் விடக் கூடாது, பால் ஊற்றிக் கழுவலாம் என்றும் நினைக்கக் கூடாது. வாயைத் துடைத்து, எண்ணெய் பட்ட உடையைக் கழற்றி, குழந்தையை நிமிர்த்தி வைத்தபடி 108-ஐ அழையுங்கள், டப்பா இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். இருமல் வந்து நின்றுவிட்டது, இப்போது நன்றாக விளையாடுகிறது என்றாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், ஏனென்றால் நுரையீரல் பாதிப்பு தாமதமாகத்தான் வெளியே தெரியும்.

இந்தக் கேள்வியை உங்கள் கணவரிடமே காட்டுங்கள்.

துரு எடுக்கும் ஸ்ப்ரேயையே பைக் செயினுக்கும் அடிக்கிறேன். செயின் நன்றாகப் பளபளக்கிறது, ஆனால் ஒரு வாரத்தில் மறுபடி சத்தம். ஸ்ப்ரே போலியா?
வாசகர், ஈரோடு

போலியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, வேலைதான் வேறு. இந்த வகை ஸ்ப்ரேக்களில் பெயர் பெற்ற டபிள்யூடி-40-ஐ 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஒரு சிறு நிறுவனம் உருவாக்கியது. ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதுதான் நோக்கம், பெயரில் உள்ள இரண்டு எழுத்தும் அதைத்தான் குறிக்கின்றன, 40 என்பது நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் வந்தது. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகட்டைத் துருவிலிருந்து காக்கப் பயன்பட்டது. அதில் பெரும்பங்கு ஆவியாகிப் போகும் சால்வென்ட், அதைவிடக் குறைவாகத்தான் பேஸ் ஆயில். சால்வென்ட் இடுக்குக்குள் ஊர்ந்து போய்த் துருவை இளக்கிவிட்டு ஆவியாகும், மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் தங்கும். இறுகிப்போன நட்டுக்கும், கீச்சிடும் கீலுக்கும், மழையில் நனைந்த பிளக் வயருக்கும் அது அருமையான பொருள். சுமை தாங்கிச் சுற்றும் செயினுக்கு அந்தப் படலம் போதாது. அது மட்டுமல்ல, நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு முறையும் செயினில் ஏற்கெனவே இருந்த நல்ல எண்ணெயையும் அது கழுவிக்கொண்டு போகிறது, அதனால்தான் ஒரு வாரத்தில் சத்தம்.

செயினுக்கு நம் மெக்கானிக்குகள் காலங்காலமாகப் போடும் 90 நம்பர் கியர் ஆயில் நல்ல தேர்வுதான், பல பைக்குகளின் கையேட்டிலேயே அதைத்தான் எழுதியிருக்கிறார்கள். செயின் லூப் ஸ்ப்ரே வாங்கினால் தெறிப்பது குறையும். எதைப் போட்டாலும் முதலில் துடைத்துச் சுத்தம் செய்து, செயினின் உள்பக்கத்தில் போட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்ட எண்ணெயில் ரோட்டு மணல் ஒட்டி, அதுவே செயினை அரைத்துத் தேய்க்கும். பின்சக்கரத்துப் பிரேக்கிலோ டயரிலோ ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, வண்டி ஓடும்போது செயினில் துணி பிடிப்பதும் கூடாது, விரல் போய்விடும்.

பிரேக் கீச்சிடுகிறது, அதே ஸ்ப்ரேயை அடிக்கலாமா?
வாசகர், வேலூர்

கூடவே கூடாது. சத்தம் நிற்கும், வண்டி நிற்காது. பேடில் எண்ணெய் ஏறிவிட்டால் துடைத்து மீட்க முடியாது, பேடை மாற்றத்தான் வேண்டும். கீச்சிடுவதே பேட் தேய்ந்துவிட்டது என்ற எச்சரிக்கையாக இருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இன்னொன்று, பிரேக் சிஸ்டத்தின் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கிளைகால் வகை பிரேக் ஆயிலுக்கென்றே செய்தவை. அந்தச் சின்ன டேங்கில் தவறிக்கூட இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றினால் சீல் எல்லாம் ஊதிப் பெருத்துப் பிரேக்கே பிடிக்காமல் போகும். ஊற்றிவிட்டால் வண்டியை நகர்த்தாமல் டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

மதுரையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், பையன்கள் பெட்ரோலில்தான் கை கழுவுகிறார்கள். எனக்கும் பழக்கம் அதுதான். கை வெடித்து அரிப்பு எடுக்கிறது. வேஸ்ட் ஆயிலால் கெடுதல் உண்டா?
வாசகர், மதுரை

உண்டு. புது ஆயிலைவிட வேஸ்ட் ஆயில் வேறு பொருள் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினுக்குள் ஓடும்போது பெட்ரோல் அரைகுறையாக எரிந்த புகை, கரி, உலோகத் துகள் எல்லாம் அதில் சேருகின்றன, மேலே சொன்ன அரோமாட்டிக் சேர்மங்களும் சேர்ந்துகொண்டே போகின்றன. எவ்வளவு அதிக தூரம் மாற்றாமல் ஓடியதோ அவ்வளவு அதிகம், டீசல் இன்ஜினைவிடப் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் இன்னும் அதிகம். பயன்படுத்திய பெட்ரோல் இன்ஜின் ஆயிலை எலிகளின் தோலில் தொடர்ந்து தடவிய சோதனைகளில் புற்றுக்கட்டிகள் வந்திருக்கின்றன. ஒருநாள் கையில் பட்டதால் ஒன்றும் ஆகாது, வருடக்கணக்கில் தினமும் கழுவாமல் கையில் ஊறுவதுதான் பிரச்சினை, ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு நடப்பதோ அதேதான்.

நைட்ரைல் கையுறை போடுங்கள், மருத்துவமனையில் போடும் சாதாரண ரப்பர் கையுறை எண்ணெயில் ஊறிக் கிழிந்துவிடும். சுழலும் பாகத்துக்குப் பக்கத்தில் மட்டும் எந்தக் கையுறையும் வேண்டாம். இன்னொரு பழக்கத்தைக் கட்டாயம் நிறுத்தச் சொல்லுங்கள்: எண்ணெய்த் துணியைப் பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொள்வது. அந்த லங்காஷயர் தொழிலாளிகளுக்கு நோய் வந்த இடமும் காரணமும் இதுவேதான், உடை வழியாகத் தொடை இடுக்கில் எண்ணெய் ஊறியது. ஒர்க்‌ஷாப் உடையைத் தனியாகத் துவையுங்கள், வீட்டில் குழந்தைத் துணியோடு போட வேண்டாம்.

பெட்ரோலில் கழுவுவதை நிறுத்துவது எல்லாவற்றையும்விட முக்கியம். தோலில் இயல்பாக உள்ள எண்ணெய்ப்பசையை அது உரித்து எடுத்துவிடும், அதனால்தான் வெடிப்பும் அரிப்பும். வெடித்த தோல் வழியாகக் கரி ஆயில் இன்னும் சுலபமாக உள்ளே போகும். போதாததற்குப் பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது, நம் நாட்டு விதிப்படி 1 சதவீதம் வரை இருக்கலாம். பென்சீன் இரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. ஒரு மூடி தேங்காய் எண்ணெயை ஊற்றிக் கையைத் தேய்த்து, பழைய துணியில் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்புப் போடுங்கள். எண்ணெயை எண்ணெயே கரைக்கும், கையும் மிருதுவாக இருக்கும். முழங்கையில் கரும்புள்ளி போலப் பருக்கள் வந்தால் அது எண்ணெய் மயிர்த்துளைகளை அடைத்ததால் வருவது. ஆறாத புண்ணோ புதிதாகத் தடித்த மருவோ, குறிப்பாக விரைப்பையில், இருந்தால் கூச்சப்படாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், தோல் புற்றுநோயாகவே இருந்தாலும் சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலும் குணமாக்கிவிடலாம்.

கிரீஸ் கன் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் முனை விரலில் பட்டு அழுத்தத்தோடு கிரீஸ் தோலுக்குள் போய்விட்டால் வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. உள்ளே கிரீஸ் தசை நார் வழியாக உள்ளங்கை வரை ஓடியிருக்கும். பையன் 'ஒன்றுமில்லைண்ணே' என்றுதான் சொல்வான், நீங்கள் அதை நம்பாதீர்கள். உடனே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் 'பிரஷரில் கிரீஸ் உள்ளே போய்விட்டது' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சில மணி நேரம் தாமதித்தாலும் விரலை எடுக்க வேண்டி வரலாம்.

உங்களிடம் கேஸ் வெல்டிங் செட் இருந்தால், ஆக்சிஜன் சிலிண்டரின் வால்விலும் ரெகுலேட்டரிலும் எந்த எண்ணெயும் கிரீஸும் படக் கூடாது. அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜன் எண்ணெயில் பட்டால் தீப்பொறி இல்லாமலே வெடித்துப் பற்றும். எண்ணெய்க் கையோடு அதைத் திறக்கவும் கூடாது.

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் காரின் அடியில் டீசலும் வேஸ்ட் ஆயிலும் கலந்து அடிக்கிறார்கள். துரு பிடிக்காது என்கிறார்கள். நல்லதா?
வாசகர், தஞ்சாவூர்

இரும்புக்கு நல்லது, வண்டிக்கு நல்லதில்லை. எண்ணெய் பட்ட இரும்பு துருப்பிடிக்காது என்பது உண்மை, வெறும் இரும்புப் பட்டையாக இருந்த பழைய லாரிகளில் அது செல்லுபடியானது. இன்றைய காரின் அடியில் எத்தனை ரப்பர் இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்: சஸ்பென்ஷன் புஷ், ஸ்டீயரிங் பூட், ஆக்சில் பூட், இன்ஜின் மவுன்டிங், எக்ஸாஸ்ட் தொங்கும் ரப்பர். பெட்ரோலிய எண்ணெயில் இயற்கை ரப்பரும், கதவு ஓரத்தில் இருக்கும் இபிடிஎம் ரப்பரும் ஊதி மெத்தென்று ஆகிவிடும். நைட்ரைல் போன்ற சில ரப்பர்களே தாங்கும், ஆயில் சீல் அவற்றால் செய்யப்படுவது அதற்காகத்தான். இதோடு சூடான சைலன்சரில் டீசல் பட்டால் என்ன ஆகும் என்பதும் இருக்கிறது, அடித்த ஆயில் முதல் மழையிலேயே ரோட்டில் வழிந்து வாய்க்காலுக்குப் போகிறது என்பதும் இருக்கிறது. அடிப்பவரின் நுரையீரலுக்குள் அந்தப் புகைமூட்டம் போவதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. 'ஆயில் ஸ்ப்ரே வேண்டாம்' என்று சர்வீஸுக்கு விடும்போதே சொல்லிவிடுங்கள். கடலோரத்தில் ஓடும் வண்டி என்றால் நல்ல தண்ணீரில் அடிக்கடி அடிப்பக்கத்தைக் கழுவி, முறையான அண்டர்பாடி கோட்டிங் போடுங்கள்.

கதவு ரப்பருக்கும் ஜன்னல் கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்துக்கும் சிலிக்கான் ஸ்ப்ரே. பேட்டரி முனைகளுக்கு வாசலைன், அதுவும் பெட்ரோலியப் பொருள்தான், முனையை இறுக்கிய பிறகு மேலே தடவ வேண்டும். இவை போதும்.

பெட்ரோலியமே வேண்டாம், கீலுக்கும் பூட்டுக்கும் தேங்காய் எண்ணெய் போட்டால் என்ன? மாட்டுவண்டிக்கு விளக்கெண்ணெய்தானே போட்டார்கள்?
வாசகி, நாகர்கோவில்

போட்டார்கள், வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை அச்சுக்கு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அடிக்கடி துடைத்து மறுபடி போட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாவர எண்ணெய் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நாளடைவில் பிசினாகும். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் ஆகும், தேங்காய் எண்ணெய் மெதுவாக ஆகும், ஆனால் மார்கழிக் குளிரில் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். வீட்டுக் கதவுக் கீலுக்கு அவசரத்துக்கு ஒரு சொட்டு விடலாம், ஒன்றும் கெடாது. பூட்டுக்குள்ளும் தையல் மெஷினிலும் விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து இறுகிவிடும். பூட்டுக்கு கிராஃபைட் தூள்தான் சரி, பென்சில் முனையைச் சுரண்டிய தூள்கூட உதவும்.

தெருநாய்க்குச் சொறி. வேஸ்ட் ஆயில் தடவினால் போய்விடும் என்கிறார்களே?
வாசகி, திருச்சி

தடவாதீர்கள், தடவுபவர்களையும் தடுங்கள். மேலே சொன்ன கரி, உலோகம், அரோமாட்டிக் அத்தனையும் அந்தப் புண்ணான தோல் வழியாக உள்ளே போகும், நாய் நக்கி நக்கி மீதியையும் விழுங்கும், ஈரலும் சிறுநீரகமும் கெடும். சொறிக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத உண்ணி, அதற்கு இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன, சிலவற்றைச் சாப்பாட்டில் வைத்தே கொடுக்கலாம். அரசு கால்நடை மருத்துவமனையில் விவரம் சொல்லிக் கேளுங்கள், அளவு நாயின் எடையைப் பொறுத்தது என்பதால் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். யாராவது ஏற்கெனவே ஆயில் தடவியிருந்தால் பாத்திரம் கழுவும் லிக்விட் சோப்பில் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிடுங்கள், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

ஸ்ப்ரே டப்பாவை எப்போதும் கார் டேஷ்போர்டில் வைத்திருக்கலாமா?
வாசகர், சென்னை

வேண்டாம். 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டும். எடுத்துப் போவதாக இருந்தால் நிழலாக டிக்கியின் அடியில் வைத்து, வீட்டுக்கு வந்ததும் இறக்கிவிடுங்கள். காலி டப்பாவிலும் வாயு மிச்சம் இருக்கும், ஓட்டை போடுவதோ குப்பையோடு எரிப்பதோ கூடாது.

காரில் நானே ஆயில் மாற்றுகிறேன். பழைய ஆயிலை என்ன செய்வது?
வாசகர், சேலம்

சாக்கடையிலும் மரத்தடியிலும் ஊற்றாதீர்கள், விறகில் ஊற்றி எரிக்காதீர்கள், அதில் உள்ள உலோகமெல்லாம் புகையில் வரும். ஆயில் வந்த அதே டப்பாவில் ஊற்றி மூடி, கூலன்ட்டோ பெட்ரோலோ கலக்காமல், பெரிய சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். பேஸ் ஆயில் உண்மையில் தேய்ந்து போவதில்லை, அழுக்காகிறது, அடிடிவ் தீர்ந்துபோகிறது, அவ்வளவுதான். திரும்பச் சுத்தம் செய்தால் மறுபடி நல்ல பேஸ் ஆயிலாகும். 2024 ஏப்ரல் முதல் ஆயில் தயாரிப்பாளர்களே குறிப்பிட்ட பங்கு பழைய ஆயிலை மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது. எனவே சர்வீஸ் சென்டரில் 'அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரருக்குத்தானே கொடுக்கிறீர்கள்?' என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கட்டாயம் கேளுங்கள். ஃபில்டரையும் வடியவிட்டு அதோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.